துட்டி வீட்டு எழுத்தாளர்

தென்காசியில் என் வீட்டுக்காரர் கேட்காத அழுகை கிடையாது. மேலகரத்திலிருந்து இலஞ்சி வரைக்கும் எந்த வீட்டில் யார் மண்டையைப் போட்டாலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பெண்கள் என்ன சொல்லி அழுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டு, வீட்டுக்கு வந்து அதைக் கதையாக எழுதுவார். எழுதட்டும், எனக்கென்ன. ஒரே ஒரு அழுகையை மட்டும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அது என்னுடையது. அதற்குள் ஒரு பேர் இருந்தது, என் மகளின் பேர். எனக்கும் அவருக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தொடமாட்டேன் என்று கோயிலின் மொட்டைக் கோபுரத்தைப் பார்த்துக் கையை நீட்டிச் சத்தியமும் செய்தார். தலையில்லாத கோபுரம் எங்கே போய்ச் சாட்சி சொல்லப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ.

என் பேர் குழல்வாய்மொழி. சிவகிரியில் பிறந்து, ஐம்பத்தேழில் பால்வண்ணநாதன் என்பவருக்கு வாழ்க்கைப்பட்டுத் தென்காசிக்கு வந்தவள். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளைக்கு தாலுகா ஆபீசில் கிளார்க் வேலை என்றுதான் சொன்னார்கள். எழுத்தாளர் என்பதை மறைத்துவிட்டார்கள். காக்காய் வலிப்பு இருந்தால் மூச்சு விடாமல் கல்யாணத்தை முடிப்பார்களே, அப்படி.

வந்த பிறகுதான் தெரிந்தது, ஊரில் இளம் எழுத்தாளர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. சாயங்காலமானால் மசூது என்பவருடைய தையல் கடையில் கூடுவார்கள். மசூதும் ஓர் உறுப்பினர். தலைவர் நமசிவாயம் அண்ணாச்சி, ரயில்வே ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கிறவர். இளம் எழுத்தாளர் தலைவருக்கு அப்போதே காது மயிர் நரைத்திருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு பத்திரிகையில் அவர் எழுதிய நகைச்சுவைத் துணுக்கு வந்ததாம். அதைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு, மசூதின் கடையில் அளவு எடுக்கும் இடத்துக்கு நேராக மாட்டியிருந்தார்கள். சட்டை தைக்க வருகிறவர்கள் எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு அதைப் படித்தே ஆகவேண்டும். ஒருவரும் சிரித்ததாகத் தகவல் இல்லை.

மன்றத்தில் தினமும் ஒரே பேச்சுத்தான். கதைக்குக் கரு எங்கே கிடைக்கும்? ஏதோ மாட்டுக்குப் புல் எங்கே கிடைக்கும் என்பது போல ஆளாளுக்குத் தேடுவார்கள். முதலில் அண்ணாச்சி குற்றாலத்தைக் காட்டினார்.

"வே, மெட்ராஸ்ல இருந்து ரயிலேறி வந்து குத்தாலத்துல உக்காந்து எழுதிட்டுப் போறான். நமக்குக் கூப்பிடு தூரத்துல இருக்கு. அருவிய உத்துப் பாரும், கற்பனை தானா வந்து கொட்டும்" என்றாராம்.

குற்றாலத்தில் சாரல் காலம் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் கும்பலாகக் கிளம்பினார்கள். உடம்பு சூடாக இருந்தால் கற்பனை வராது என்று முதலில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொள்வார்கள். பிறகு அருவியில் நிற்பார்கள். நின்றுவிட்டு வந்தால் கொலைப்பசி. இட்லிக் கடைக்காரருக்கு நல்ல வியாபாரம். பிறகு காகிதத்தை விரித்தால் சாரலில் நனைந்து மை ஓடிவிடும். நனையாததைக் குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடும். என் வீட்டுக்காரரின் முதல் கதையை அப்படித்தான் ஒரு குரங்கு மரத்தின்மேல் வைத்துக் கடைசிப் பக்கம் வரைக்கும் புரட்டியது. அந்தக் கதையை அவ்வளவு தூரம் படித்தவர் வேறு யாரும் இல்லை.

தப்பித்த கதைகள் எல்லாம் ஒரே கதை. மெட்ராஸிலிருந்து ஒரு பெண் வருவாள், மெயின் அருவியில் வழுக்கி விழுவாள், உள்ளூர் இளைஞன் ஒருவன் கையைப் பிடித்துக் காப்பாற்றுவான். அந்த வருஷம் மன்றத்து ஆட்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு பெண்ணை அதே பாறையில் வழுக்கவிட்டார்கள். என் வீட்டுக்காரர் தன்னுடையதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"அருவியில பொம்பளைங்க பக்கம் தனி, ஆம்பளைங்க பக்கம் தனி. நடுவுல போலீஸ்காரன் கம்போட நிக்கான். உங்க ஆளு எந்த வழியாப் போயி அவ கையப் புடிச்சான்?"

"ஏட்டி, அது கற்பனை."

"அப்ப அந்தப் போலீஸ்காரனையும் சேத்துக்கோங்க. உதை வாங்குத இடம் நல்லா வரும்."

அதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது. பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகள் எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன.

அடுத்த சாரலுக்குள் அண்ணாச்சி புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். "நம்மகிட்ட என்ன கொறைன்னு தெரிஞ்சு போச்சுவே. நமக்குத் துக்கம் பத்தல. துக்கம் இல்லாதவன் எழுதுனா எவன் படிப்பான்?"

மன்றத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் வேலை இருந்தது, மூன்று வேளைச் சோறு இருந்தது, பெற்றவர்கள் குத்துக்கல்லாக இருந்தார்கள். பாவம், துக்கத்துக்கு எங்கே போவார்கள்? என் வீட்டுக்காரருக்குத்தான் வழி தோன்றியது. நம் வீட்டில் இல்லாவிட்டால் என்ன, ஊரில் இருக்கிறதே.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டைத் துட்டி வீடு என்போம். செய்தி கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்துவிட்டு வருவதற்குத் துட்டி கேட்பது என்று பேர். இன்று நம் வீட்டுக்கு ஒருவர் வந்தால், நாளை அவர் வீட்டுக்கு நாம் போயே தீரவேண்டும். சண்டைக்காரனாக இருந்தாலும் அதை விடமாட்டார்கள். கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம், துட்டிக்குப் போகாவிட்டால் ஊர் வாயில் விழுந்து எழ முடியாது.

இவர் முதன்முதலாகத் துட்டி கேட்கப் போனது பிச்சம்மாள் என்கிறவர் வீட்டுக்கு. அவர் புருஷன் தவறிவிட்டார். எனக்கு அந்த அம்மாளைத் தெரியும், இவருக்கு யாரென்றே தெரியாது. பெண்கள் அழுகிற கட்டுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். எழுந்தவர் கையைக் கூப்பி, "அப்ப நான் போயிட்டு வாரேன்" என்று சொல்லியிருக்கிறார். அழுதுகொண்டிருந்த பிச்சம்மாள் சட்டென்று அழுகையை நிறுத்தினார்.

"எதுக்குய்யா வாரீரு? இன்னும் யாரு சாவணும்னு வாரீரு?"

துட்டி வீட்டில் வாரேன் என்று சொல்லக்கூடாது, சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து வந்துவிட வேண்டும். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு அதுகூடத் தெரியவில்லை. முகம் செத்துப்போய் வந்தார். ஆனால் அன்றைக்குக் கற்றுக்கொண்டது கற்றுக்கொண்டதுதான். அப்புறம் எந்தத் துட்டி வீட்டிலும் அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

அதற்குப் பிறகு ஆளைப் பிடிக்க முடியவில்லை. தோளில் ஒரு துண்டு, முகத்தில் ஒரு சோகம். ஊரில் நல்ல பேர் பெருகிவிட்டது. "நம்ம பால்வண்ணம் மாதிரி ஒரு புள்ள உண்டுமா? சாதி சனம் பாக்காம வருதான்" என்று என்னிடமே சொன்னார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன். மசூதின் வாப்பா மௌத்தானபோதும் போனார். போன வேகத்தில் திரும்பிவிட்டார்.

"அங்கன சத்தமே இல்லட்டி. எல்லாரும் அமைதியா ஓதிட்டு இருக்காங்க. ஒண்ணும் தேறல" என்று சலித்துக்கொண்டார். சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் கிடைக்காமல் வந்தவர் மாதிரி.

எங்கள் தெருக்கோடியில் கைலாசம் பிள்ளை காய்ச்சலில் கிடந்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கத்தான் இவர் போனார், அது வாஸ்தவம். ஆனால் தோளில் துண்டோடு போய்விட்டார். பிள்ளைவாள் இவரைப் பார்த்ததும் படுக்கையை விட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏலே, நான் இன்னும் சாவலலே! எவம்லே உனக்குச் சொல்லிவிட்டான்? வெளிய போலே!"

மறுநாளே காய்ச்சல் விட்டுவிட்டது. இவருடைய எழுத்தால் ஊரில் ஒருவருக்கு நன்மை உண்டானது என்றால் அது ஒன்றுதான்.

துட்டிக்குப் போய் வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையக்கூடாது. கொல்லைப் பக்கமாக வந்து நின்று, "மொழி, தண்ணி எடுத்து வையி" என்று சத்தம் கொடுப்பார். நான் கிணற்றில் இறைத்து ஊற்ற வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரியாக இருந்தபோதும் இறைத்தேன். அவர் உடம்பு குளிரக் குளித்துவிட்டு, கேட்டு வந்த அழுகை மறந்து போவதற்குள் எழுத உட்கார்ந்துவிடுவார்.

என்னைப் பிரசவத்துக்குச் சிவகிரிக்கு அழைத்துப்போக நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தியே அவள் பிறந்துவிட்டாள். மார்கழி மாசம். கைக்குள் அடங்குகிற பிள்ளை, சரியாகப் பால் குடிக்கக்கூடத் தெம்பில்லை. இன்னும் கொஞ்சம் தேறட்டும், பேர் வைக்கலாம், தொட்டிலில் போடலாம் என்று என் மாமியார் வடிவம்மாள் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பொறுக்கவில்லை. யாருக்கும் கேட்காமல் அவள் காதில் ஒரு பேர் சொல்லி வைத்திருந்தேன்.

அன்றைக்கு நல்ல வெயில். பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. இவர் மேலகரத்தில் ஒரு துட்டி வீட்டில் உட்கார்ந்திருந்தார். டாக்டரைக் கூப்பிட ஆள் இல்லை. மாமியார் தெருவில் இறங்கிக் கூப்பாடு போட்டு, பக்கத்து வீட்டு இசக்கி ஓடி, டாக்டர் வந்து சேர்ந்தபோது என் மடியில் இருந்தது வெறும் துணிமூட்டைதான். நான் அவளை இறக்கிவிடவில்லை.

அப்போது கொல்லையில் குரல் கேட்டது. "மொழி, தண்ணி எடுத்து வையி."

மாமியார் கதவைத் திறந்தார். "இனிமே எதுக்குலே குளிக்கே? அப்படியே உள்ள வா" என்றார்.

பல் முளைக்காத பிள்ளைக்குத் துட்டி கிடையாது. எடுத்துக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்துவிடுவார்கள். யாரும் கேட்க வரமாட்டார்கள், நாமும் சொல்லி அனுப்பக்கூடாது. "சத்தம் போட்டு அழாதட்டி, அடுத்த புள்ள தங்காது" என்று மாமியார் என் வாயைப் பொத்தினார். ஊரெல்லாம் போய் உட்கார்ந்துவிட்டு வந்த மனிதரின் வீட்டுக்கு ஒரு ஈ காக்காய் வரவில்லை.

அவரும் இடிந்துதான் போனார், இல்லை என்று சொல்லமாட்டேன். கொஞ்ச நாள் எந்தத் துட்டிக்கும் போகவில்லை. ஒருநாள் மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் மனசு இளகிவிட்டேன். பிள்ளைக்கு நான் வைத்த பேரை அவரிடம் சொன்னேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கேன், கோவப்படாத. அந்த நேரம் உனக்கு எப்படி இருந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையை உதறினேன். "இது உங்க மன்றத்துக்கு இல்ல. ஊர் அழுகை எல்லாம் எடுத்துக்கோங்க. எம் புள்ளையத் தொட்டீங்க, இந்த வீட்ல நான் இருக்க மாட்டேன்" என்றேன். அப்போதுதான் வாசலுக்கு வந்து மொட்டைக் கோபுரத்தைப் பார்த்துச் சத்தியம் செய்தார்.

அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறுபடி துட்டிகளுக்குப் போனார், மறுபடி தண்ணீர் இறைத்தேன். கதைகளும் வஞ்சனையில்லாமல் திரும்பி வந்தன.

அறுபத்தொன்றில் சாரலின்போது, மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்று தீபாவளி மலருக்குச் சிறுகதைப் போட்டி அறிவித்தது. மன்றமே குற்றாலத்தில் ஒரு பங்களாவின் பின்கட்டைப் பிடித்துத் தங்கி எழுதியது. அங்கே அண்ணாச்சி சொன்ன புதுக் கண்டுபிடிப்பை மசூது பிற்பாடு எனக்குச் சொன்னார். "ஊரான் வீட்டுத் துக்கம் ஒட்டாதுவே, அவனவன் சொந்த வீட்ல தேடணும்" என்றாராம். இவர் திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு களை. என்ன கதை எழுதினீர்கள் என்று கேட்டேன். ஓர் ஏழை நெசவாளியைப் பற்றி என்றார். நெசவாளி பாடு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு உலையில் அரிசியைப் போடப் போனேன்.

தீபாவளி மலர் வந்தது. கதைக்கு முதல் பரிசு. மசூதுதான் மலரை எடுத்துக்கொண்டு வந்தார். எப்போதும் "மதினி, மதினி" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவர், அன்றைக்கு மலரை நிலைப்படியில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார்.

பிரித்துப் பார்த்தேன். கதைக்குத் தலைப்பே என் மகள் பேர்தான். கொட்டை எழுத்தில் போட்டு, கீழே 'ஆசிரியர் வீட்டில் நடந்த உண்மைக் கதை' என்று ஒரு குறிப்பும் கொடுத்திருந்தார்கள்.

அந்தப் பேரை இங்கேயும் நான் சொல்லப்போவதில்லை. வேண்டுமானால் மலரை வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள், பழைய பேப்பர் கடையில் கிடைக்கும்.

முழுக்கவும் படித்தேன். கதையில் நான் முதல் பத்தியிலேயே மயங்கி விழுந்துவிடுகிறேன். கடைசி வரி வரைக்கும் எழுந்திருக்கவே இல்லை. குழந்தையை மடியில் வைத்திருப்பது தகப்பன். காதில் பேர் சொல்லிக் கூப்பிடுவது தகப்பன். கொட்டுகிற மழையில் டாக்டரைத் தேடி ஓடுவதும் தகப்பன்தான். அந்த ஓட்டத்தை மட்டும் முக்கால் பக்கம் எழுதியிருந்தார். இசக்கி கதையிலேயே இல்லை. கொல்லைப்புறக் குரலும் இல்லை.

"இப்படிப் பண்ணிட்டீங்களே" என்றேன்.

"பாதிதாம்ட்டி நம்ம கதை, மீதி கற்பனை" என்றார். பிறகு, "பரிசு கெடைச்சிருக்குல்லா" என்றார்.

அத்தோடு போயிருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. மறுநாள் காலையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஒவ்வொருவராக வந்து, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார்கள். துட்டி கேட்க வந்திருந்தார்கள்! தங்கள் வீட்டுச் சாவு ஒன்று விடாமல் வந்து உட்கார்ந்த பிள்ளையின் வீட்டில் இப்படி ஒரு துக்கம் நடந்திருக்கிறது, நமக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று ஊரே வந்தது. பல் முளைக்காத பிள்ளைக்குத் துட்டி இல்லைதான். ஆனால் அச்சில் ஏறிவிட்டால் உண்டு போலிருக்கிறது.

கைலாசம் பிள்ளை கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, "அந்த மழையில என்னா ஓட்டம் ஓடியிருக்கேலே" என்று இவர் தோளைத் தட்டினார். பிச்சம்மாள் என் மகள் பேரைச் சொல்லி ஒப்பாரியே வைத்துவிட்டார். என் காதோடு இருந்த பேர், ஊரார் வாயிலெல்லாம் புகுந்து புறப்பட்டது. இவர் சுவரில் சாய்ந்து, தோளில் துண்டோடு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். எத்தனை துட்டி வீட்டில் பார்த்துப் பழகியவர்! அந்த உட்காரலில் ஒரு குறை சொல்ல முடியாது.

மசூதின் உம்மா ஜாஹிரா பீவியும் வந்தார். அவர் மட்டும் இவர் பக்கம் திரும்பவில்லை. நேரே அடுப்படிக்கு வந்து என்னை உற்றுப் பார்த்தார்.

"அந்தப் பேரு நீ வச்சதுதானேம்மா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர் என்னைப் பிடித்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். மார்கழியில் வாயைப் பொத்தி அடக்கிய என் அழுகை அப்போதுதான் வெளியே வந்தது. கூடத்தில் பிச்சம்மாள் போட்ட சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

அழுது முடித்து முகத்தைக் கழுவினேன். இரண்டு சேலையைப் பையில் வைத்தேன். கூடத்துக்கு வந்தபோது வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வாசல் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நானும் அவர்களோடு இறங்கினேன். மாமியார் பையைப் பார்த்தார். தடுக்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இவர்தான் பதறிப்போய் எழுந்து வந்தார்.

"ஏட்டி, எங்கன கெளம்புதே? ஆளுக இருக்காங்கல்லா. ஒரு வார்த்தை சொல்லிட்டாவது போ."

"துட்டி வீட்ல போயிட்டு வாரேன்னு சொல்லப்பிடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

அவருக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, சிவகிரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

இப்போது தை பிறந்துவிட்டது. பொங்கலுக்கு மாப்பிள்ளை கட்டாயம் வருவார் என்று அம்மா வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். வரவில்லை. அவருக்கு என்ன கோபமோ, என்ன வருத்தமோ, உடம்புக்கு ஏதாவது இருக்குமோ என்று இன்றைக்கும் புலம்பினாள்.

"கோவமும் இல்ல, வருத்தமும் இல்லம்மா. பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டா, வீடு வெறிச்சோடிக் கெடக்கு. இவ்வளவு நாளாத் தேடுனது இப்பதான் அவருக்குக் கெடைச்சிருக்கு" என்றேன். "எழுதிக்கிட்டு இருப்பாரு."